ஓர் எந்திரமும் ஒரு கொட்டகையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

கல்வியின் மேன்மை பற்றிப் பேசுமாறு பணித்திருந்தால் நம் வேலை எளிதாக முடிந்திருக்கும். சங்கத்தார் நம்மிடம் கேட்ட வினா வேறு. படித்து முடித்த நம் பிள்ளைகள் இந்தக் கடற்கரையிலேயே மானத்தோடு ஒரு தொழில் நடத்த வழியுண்டா என்று கேட்டார்கள். பொதுவாகப் பேசிச் செல்வதைக் காட்டிலும், கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வது பயன் தரும் எனக் கருதினோம். ஆகவே, முன்பு வேன் நிறுத்தப் பயன்பட்ட சங்கத்துக் கொட்டகையில், நம்மிடம் பயின்ற இரு இளைஞரும் ஒரு பெண்ணுமாக மூவர் நிறுவியிருக்கும் பல்தொழில் மரவேலை எந்திரத்தைப் பற்றியே இன்று பேசுகின்றோம்.

உப்பளமும் மரமும்

மரக்காணத்தின் தொன்மை நீங்கள் அறியாததன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். பக்கிங்காம் கால்வாய் தன் தென்கோடியாக வந்து நிற்பதும் இங்கேதான். ஒரு காலத்தில் உப்பும் விறகும் அவ்வழியே தோணியேறிச் சென்னைக்குச் சென்றன. கால்வாய்ப் போக்குவரத்து மறைந்தது. உப்பளம் மறையவில்லை. அதில் இறங்கி நிற்கும் நம் மக்களின் கால்களும் மாறவில்லை.

தை மாதத்தில் தொடங்கும் உப்பு வேலை ஐப்பசி மழையோடு நின்றுவிடும். பின்னர் மூன்று மாதம் வேலையில்லை. மழைக்கால நிவாரணமாக ஐயாயிரம் ரூபாய் வழங்கும் திட்டத்தை அண்மை ஆண்டுகளில் அரசு கொண்டுவந்துள்ளது. அதை நன்றியோடு ஏற்கின்றோம். ஆயினும் நிவாரணம் வேறு, தொழில் வேறு.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உவர்நீரில் இரும்பு நில்லாது. துருவேறி உப்பின் வெண்மையையும் கெடுக்கும். ஆகையால் பாத்தியில் உப்பை வாருவதற்கு நீண்ட கழியில் பொருத்திய மரப்பலகையே வேண்டியதாயிற்று. அந்தப் பலகையைப் பிடித்து உழைத்தவர்கள் நம்மவர்கள். அதைச் செய்து கொடுத்தவர்கள் பிறர். தச்சுப் பட்டறைகளில் நம் பிள்ளைகள் மரம் சுமந்தார்கள், சுருள் தூள் கூட்டினார்கள், ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார்கள். உளியைக் கையில் கொடுப்பாரில்லை. எழுதப்பட்ட தடை எதுவும் இருந்ததில்லை. எழுதப்படாத தடை போதுமானதாக இருந்தது. சாதி என்பது வேலையைப் பங்கிடும் ஏற்பாடு என்று சொல்லித் தப்பிக்க முயன்றோர்க்கு, அது வேலை செய்யும் மனிதர்களையே பிரித்துப் படிவைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டிலேயே விடையிறுத்தார். அவ்விடையின் பொருளை நாம் இந்தப் பலகையில் காண்கின்றோம்.

ஒரு நியாயமான அச்சம்

இவ்வெந்திரம் கொட்டகைக்கு வந்தபோது பெற்றோர் சிலர் நம்மிடம் வந்தனர். “கையில் சுத்தியல் பிடிக்கவா ஐயா பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தோம்? கடைசியில் எங்களைக் குலக்கல்விக்கே திருப்புகிறீர்களா?” என்று கேட்டனர். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. 1953ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. அது நடைமுறையில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உணர்ந்து நாடே எதிர்த்தது. 1954ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

எழுபது ஆண்டு கழிந்தும் அவ்வினா ஓயவில்லை. 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் தச்சு உள்ளிட்ட 18 தொழில்கள் இடம்பெற்றன. விண்ணப்பிப்பவரின் குடும்பம் வழிவழியாக அத்தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்னும் விதியை நீக்குமாறு தமிழ்நாடு அரசு கேட்டது. அது நடவாதபோது 2025ஆம் ஆண்டில் கலைஞர் கைவினைத் திட்டம் என வேறொன்றைத் தொடங்கியது. அதில் 25 தொழில்கள் உள்ளன. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை.

எனவே பெற்றோர்க்கு நாம் கூறிய விடை இதுதான். தந்தையின் தொழிலிலேயே மகனை நிறுத்தி வைப்பது குலக்கல்வி. தந்தைக்கு மறுக்கப்பட்ட தொழிலில் மகனும் மகளும் படிப்பை முடித்துத் தம் விருப்பத்தால் நுழைவது அதற்கு நேர்மாறானது. 1942ஆம் ஆண்டில் வைசிராயிடம் நம் மக்களின் குறைகளை எழுதி அளித்த அம்பேத்கர், கல்லூரிப் படிப்புக்கு உதவி கேட்டதோடு நில்லாமல், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி வேண்டும் என்றும் கேட்டார். கல்லூரிக்குச் செல்ல இயன்றவர் செல்லட்டும். அதற்கு ஈடாக இதை நாம் கூறவில்லை.

கைத்திறன் எந்திரத்திற்குள் புகுந்த கதை

மரவேலையின் இரகசியம் ஒரு குலத்தின் கையில்தான் தங்கும் என்னும் எண்ணத்தை முதலில் அசைத்தது எந்திரம். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல்தளத்தில் பாய்மரக் கயிறுகளுக்கான மரக்கப்பிகள் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் தேவைப்பட்டன. சாமுவேல் பெந்தம் அங்கே பொறுப்பிலிருந்த காலத்தில், மார்க் புரூனெல் என்பவர் 45 எந்திரங்களை வகுத்துக் கொடுத்தார். 1808ஆம் ஆண்டளவில், கைத்தேர்ச்சி மிக்க 110 பேர் செய்துவந்த வேலையைத் தேர்ச்சியில்லாத பத்துப் பேர் செய்தனர். இதில் இரு பாடங்கள் உண்டு. பிறப்பால் வருவதாகக் கருதப்பட்ட திறமையை எவரும் கற்கலாம் என்பது ஒன்று. வேலையிழந்த நூறு பேரை மறந்துவிடலாகாது என்பது மற்றொன்று.

பெரிய ஆலைக்கு உரியதாயிருந்த எந்திரம் சிறு கொட்டகைக்கு இறங்கி வரப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று. ஒரே அச்சில் பல வெட்டுக்கருவிகளைப் பூட்டும் எந்திரங்கள் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றின. அமெரிக்காவில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் வடிவமைத்த ‘ஷாப்ஸ்மித்’ 1947ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. வீட்டை ஒட்டிய கார் கொட்டகைக்குள் அடங்கும்படி, ஒரே மோட்டாரால் அறுக்கவும் கடையவும் துளையிடவும் தேய்க்கவும் அது உதவியது. நம் நாட்டிலும் ராஜ்கோட், கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரங்களில் இவ்வகை எந்திரங்கள் செய்யப்படுகின்றன. அச்சின் நடுவே கத்திகள் பூட்டிய உருளை, ஒரு முனையில் வட்ட ரம்பம், மறுமுனையில் துளையிடும் கருவி. மரத்தை அறுப்பது, முகம் இழைப்பது, கனம் ஒத்துவர இழைப்பது, விளிம்பில் பள்ளம் எடுப்பது, கழுந்து புகும் துளையைக் குடைவது ஆகிய ஐந்து வேலையும் இதில் ஆகும்.

கொட்டகைக்கு ஏற்றவாறு

நம் பிள்ளைகள் வாங்கியது பழைய எந்திரம். ஒன்பது அங்குல அகலப் பலகையை இழைக்க வல்லது. அதை நம் இடத்துக்கும் நம் காற்றுக்கும் ஏற்ப மாற்றியமைத்ததில்தான் அவர்களின் படிப்பு வெளிப்பட்டது. மாணவர்கள் இப்பகுதியைக் கூர்ந்து கேட்டல் வேண்டும்.

முதலாவது மின்சாரம். அதனுடன் வந்தது மும்முனை மின்சாரத்தில் ஓடும் மூன்று குதிரைத் திறன் மோட்டார். கொட்டகைக்குக் கிடைத்ததோ ஒருமுனை மின்சாரம். ஆகவே இரண்டு குதிரைத் திறனுள்ள ஒருமுனை மோட்டாரைப் பொருத்தினர். ஒரு குதிரைத் திறன் 746 வாட். இரண்டுக்கு 1,492 வாட். 230 வோல்ட்டில் இம்மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ பத்து ஆம்பியர் இழுக்கும். புறப்படும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். மெல்லிய நீண்ட கம்பியில் இதை ஓட்டினால் மின்னழுத்தம் விழுந்து மோட்டார் சூடேறிக் கருகும். எனவே தடித்த கம்பியைத் தனியே இழுத்தனர். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தலாகாது. குடிசைத் தொழிலுக்கும் சிறு தொழிலுக்கும் மின்வாரியத்தில் தனிக் கட்டணப் பிரிவு உண்டு என்பதையும் அறிந்து அவ்வாறே இணைப்புப் பெற்றனர். திறன் குறைந்ததற்கு ஏற்ப வேலையைப் பங்கிட்டனர். அகன்ற பலகையை ஒரே மூச்சில் ஆழமாக இழைப்பதில்லை. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மூன்று தடவை இழைக்கின்றனர். நேரம் கூடும். மோட்டார் பிழைக்கும்.

இரண்டாவது வேகம். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும். மோட்டாரில் எட்டு அங்குலப் புல்லியும் அச்சில் மூன்று அங்குலப் புல்லியும் மாட்டினால் அச்சின் வேகம் என்ன? 1,440ஐ எட்டால் பெருக்கி மூன்றால் வகுக்க 3,840 சுற்று. உருளையில் இரு கத்திகள் இருப்பதால் நிமிடத்துக்கு 7,680 வெட்டு. பலகையை நிமிடத்துக்கு இருபது அடி வீதம் தள்ளினால் ஓர் அங்குலத்துக்கு 32 வெட்டு விழும். முகம் வழுவழுப்பாக வரும். அவசரப்பட்டு அறுபது அடி வீதம் தள்ளினால் பத்து வெட்டுத்தான் விழும். பலகையில் அலை அலையாகத் தெரியும். எட்டாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் விகிதக் கணக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பாடநூலில் இல்லை.

அதே அச்சில் பத்து அங்குல ரம்பத்தைப் பூட்டினால் அதன் பல் நிமிடத்துக்கு ஏறத்தாழ பத்தாயிரம் அடி ஓடும். மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல்! இவ்வேகமே அதற்குப் போதும். பன்னிரண்டு அங்குல ரம்பம் மாட்டினால் வேகமும் மிகும், இரண்டு குதிரைத் திறனும் போதாது. ஆகவே பத்தோடு நிறுத்திக்கொண்டனர். தடித்த துளைக்கருவிக்கு 3,840 சுற்று மிகை. ஆதலின் அரை அங்குலம் வரையுள்ள துளையை எந்திரத்திலும், அதற்கு மேற்பட்டதைக் கைத்துரப்பணத்திலும் இடுகின்றனர். எல்லாவற்றையும் எந்திரத்தின் தலையில் சுமத்தாமையும் ஓர் அறிவே.

மூன்றாவது இடம். கொட்டகை பத்தடிக்குப் பதினெட்டடி. எட்டடிப் பலகையை இழைக்க எந்திரத்துக்கு முன்னே எட்டடியும் பின்னே எட்டடியும் வேண்டும். எந்திரத்தின் நீளத்தையும் கூட்டினால் இருபதடி ஆகிறது. சுவரை இடித்துக் கட்டப் பணமில்லை. வாயிலுக்கு நேராக எந்திரத்தை நிறுத்தி, எதிர்ச்சுவரில் மேசை மட்டத்துக்கு ஒரு சிறு திறப்பு விட்டு அதற்குக் கதவும் போட்டனர். பலகை வாயிலில் நுழைந்து, எந்திரத்தில் இழைபட்டு, எதிர்த்திறப்பு வழியே வெளியே தலை நீட்டுகிறது. தூளும் அவ்வழியே காற்றோடு போகிறது.

நான்காவது நம் காற்று. உப்புக் காற்று படும் இடத்தில் வார்ப்பிரும்பு மேசை இரண்டே நாளில் சிவந்துவிடும். எண்ணெய் தடவினால் மரத்தில் கறை ஏறும். ஆகவே நாள்தோறும் மாலையில் தூளை முற்றும் துடைத்து மெழுகு தேய்க்கின்றனர். ஈரத் தூள் மேசையில் கிடந்தால் ஓரிரவில் துருப் பிடிக்கும். பிளாஸ்டிக் தாளால் போர்த்தினால் உள்ளே வியர்த்து அதுவும் துருவாகும். தடித்த துணியே உகந்தது. மோட்டாரும் உள்ளே காற்றுப் புகாத மூடிய வகை. நிலத்தொடர்புக் குழியில் கரியும் உப்பும் இடுவது மின்பணியாளர் வழக்கம். உப்பால் தேய்ந்த நம் வாழ்வில் உப்பு உயிர் காக்கும் இடமும் ஒன்று உண்டு என்று அம்மூவருள் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். ஆயினும் உவர்நிலத்தில் அந்த இரும்புக் கம்பியும் விரைவில் அரிக்கப்படும். ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும்.

ஐந்தாவது வெள்ளம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயலும், 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிய இக்கடற்கரையைத் தாக்கின. ஃபெஞ்சலில் நம் உப்பளங்கள் நீரில் மூழ்கியதைக் கண்டோம். எந்திரத்தின் அடியில் தொங்கும் மோட்டாருக்கு முழங்கால் அளவு நீரே போதும். எனவே ஒன்றரை அடி உயரக் காரை மேடை எழுப்பி எந்திரத்தை அதன்மேல் நிறுத்தினர். ஆள் நிற்பதற்கும் அதற்கொத்த மேடை அமைத்தனர்.

விரல்கள் பத்து

பல்தொழில் எந்திரத்தின் நன்மையே அதன் ஆபத்தும் ஆகும். அச்சு ஒன்றாதலின், ஒரு கருவி வேலை செய்யும்போது மற்றவையும் உடன் சுழலும். பலகை இழைப்பவரின் தொடைக்கருகே ரம்பம் சுழன்றுகொண்டிருக்கும். ஆகையால், வேண்டாத கருவியைக் கழற்றிவிட வேண்டும் அல்லது முழுதும் மூட வேண்டும் என்பது இக்கொட்டகையின் முதற்சட்டம். ரம்பத்தின் பின்னே, அறுத்த பிளவு மூடிக்கொள்ளாதபடி ஒரு தகடு நிற்றல் வேண்டும். அஃதில்லையேல் மரம் ரம்பத்தைக் கவ்வி, தள்ளுபவர் மேலேயே எகிறும். சிறு துண்டைக் கையால் தள்ளாமல் கோலால் தள்ள வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, கையுறை எதுவும் கூடாது. மின்தடை நீங்கி மின்சாரம் மீளும்போது எந்திரம் தானே ஓடத் தொடங்காதபடி தடுக்கும் விசை கட்டாயம். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவியும் அவ்வாறே. மரத்தூள் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது. எனவே மூக்கை மூடாமல் வேலையில்லை. பழைய படகு மரமும் பழங்கதவும் வந்தால், ஆணி உண்டா எனக் காந்தத்தால் தடவிப் பார்க்காமல் கத்தியில் ஏற்றுவதில்லை.

பதினெட்டு வயது நிரம்பாத எவரும் அக்கொட்டகையின் கோட்டைத் தாண்டி வரலாகாது. நம் பள்ளி மாணவர் வெளியே நின்று பார்க்கலாம், கணக்குப் போடலாம். அவ்வளவே. நம் மக்கள் உப்பிலும் சூளையிலும் கொடுத்த உறுப்புகள் போதும். இன்னும் ஒரு விரலைக் கூடத் தொழிலுக்குக் கொடுக்க நாம் ஒப்போம்.

தச்சர் வந்த வழி

முதல் ஆறு மாதம் நம் தெருவினரைத் தவிர எவரும் வரவில்லை. வார் பலகையும் பள்ளி மேசைப் பழுதும் மட்டுமே வேலை. பின்னர், பரம்பரைத் தச்சர் ஒருவர் வேப்பம்பலகைகளை இழைத்துத் தருமாறு வண்டிக்காரர் வழியே அனுப்பினார். தாம் வரவில்லை. பலகைகள் திரும்பிச் சென்றன, கூலி வந்தது. இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை அவரே வந்து வாயிலில் நின்றார். இழைத்த பலகையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “கத்தி ஒரு பக்கம் மயிரிழை தூக்கி நிற்கிறது தம்பி” என்றார். உள்ளே வந்து, அமர்ந்து, கத்தி தீட்டும் கோணத்தைக் காட்டிக் கொடுத்தார். அப்பெண்ணின் கையில் தம் உளியையே கொடுத்துத் தீட்டச் சொன்னார்.

இதை ஒரு பெரும் புரட்சியாக நாம் கூற வரவில்லை. அவர் வீட்டு நடைக்கு நம் பிள்ளைகள் இன்னும் அழைக்கப்படவில்லை. ஆயினும் ஒன்று நடந்திருக்கிறது. மரத்தைச் சுமந்து வாயிலில் நின்றவர்களின் வாயிலுக்கு மரம் வந்திருக்கிறது. போர்ட்ஸ்மவுத்தில் வேலையிழந்த நூறு பேரைப் போல் நம் ஊர்க் கைத்தச்சர்கள் ஆகிவிடாதபடி, அவர்களுக்குப் பலகை இழைத்துக் கொடுக்கும் கூலிவேலையையே நம் பிள்ளைகள் முதன்மையாகக் கொண்டிருப்பது மிகவும் போற்றத்தக்கது. பொருத்தும் வேலை அவர்க்கு, இழைக்கும் வேலை இவர்க்கு. இருவர்க்கும் நாள் மிச்சமாகிறது.

சங்கத்திற்கு நம் வேண்டுகோள்

முதலுக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். கலைஞர் கைவினைத் திட்டத்தில் மூன்று இலட்சம் ரூபாய் வரை கடனும், 25 விழுக்காடு, உச்சமாக ஐம்பதாயிரம் ரூபாய், மானியமும் உண்டு. ஆனால் 35 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். இளைஞர்க்கு உகந்தது, 2023ஆம் ஆண்டில் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய இத்திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும் ஆறு விழுக்காடு வட்டி மானியமும் கிடைக்கும். மூன்று இலட்ச ரூபாய்த் திட்டம் எனில் மானியம் 1,05,000 ரூபாய். இதைத் தெரிந்தவர் பெறுகின்றனர், தெரியாதவர் கந்துவட்டிக்குச் செல்கின்றனர். படிவம் நிரப்பித் தர நம் சங்கத்தில் ஒருவர் வாரம் ஒரு நாள் அமர்ந்தால் போதும்.

சிதம்பரத்தில் 1916ஆம் ஆண்டில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்த சுவாமி சகஜானந்தர், நம் பிள்ளைகள் அமர்ந்து படிக்க ஒரு கூரை வேண்டும் என்று அலைந்தார். அக்கூரையின் நிழலில்தான் நாம் இவ்வளவு தூரம் வந்தோம். இனி வரும் இருபத்தைந்து ஆண்டில் படித்த பிள்ளை நின்று தொழில் செய்யவும் ஒரு கூரை வேண்டும் என்கின்றோம். அக்கொட்டகையை அம்மூவர்க்கும் குறைந்த வாடகையில் நீண்ட காலக் குத்தகைக்கு எழுத்து மூலம் தருமாறும், ஆண்டுக்கு இருவரை, தொழிற்பயிற்சி நிலையத்தில் மரவேலை கற்று வந்தோராகப் பார்த்து, அவர்களிடம் பழகவிடுமாறும், பயிற்சிக் காலத்தில் அவ்விருவர்க்கும் சங்க நிதியிலிருந்து உதவித்தொகை வழங்குமாறும் வேண்டுகின்றோம். அவ்விருவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும்.

வரும் தையில் உப்பளம் தொடங்கும்போது நம் தாய்மார் பிடிக்கப் போகும் வார் பலகைகள் அக்கொட்டகையில் இழைபட்டுக்கொண்டிருக்கின்றன. விழா முடிந்து செல்லும்போது ஒருமுறை அங்கே நின்று பார்த்துச் செல்லுங்கள். கோட்டுக்கு வெளியே நின்று பாருங்கள்.